போயிட்டு வரேன் என்று சொன்னவளுக்கு

அக்கா,

சிட்னிக்கு எதையெல்லாம் கொண்டு வரக்கூடாது என்று மாலா தொலைபேசியில் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. விதை கூடாது, ஊறுகாய் கூடாது, சிப்பி சோழி கூடாது, பொடி எதுவுமே கூடாது, விமான நிலையத்திலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். எல்லாவற்றையும் இந்தியில்தான் சொன்னாள். என் மகளுக்குத் தமிழ் என்றால் 'சோறு', 'தண்ணி', 'சும்மா இரு', அவ்வளவுதான். சரி, குப்பைக்குப் போவது இங்கேயே போகட்டும் என்று சமையலறையின் மேல்தட்டை ஒழிக்க முக்காலி போட்டு ஏறினேன். அங்கேதான் நீ கொடுத்த பால்மாவு டப்பா இருந்தது.

மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். அடியில் ஒரு பிடி சீயக்காய்த் தூள், கட்டிதட்டி, நிறம் போய்க் கிடந்தது. முகர்ந்து பார்த்தால் முதலில் துரு வாசனைதான் வந்தது. பிறகு மெதுவாக அதுவும் வந்தது. விறகுப் புகை, காய்ச்சிய நல்லெண்ணெய், ஈரத் தலை, விடியாத கொல்லை, உன் சிரிப்பு. முக்காலியில் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் கீழே விழுந்திருந்தால் மாவுக்கட்டுப் போட்ட காலோடுதான் என்னைச் சிட்னிக்கு அனுப்பி வைத்திருப்பார்கள்.

நீ ஃபிஜித் தீவில் எங்கள் பா நகரத்துக்கு வந்தது உன் வீட்டுக்காரருக்கு வங்கியில் மாற்றல் கிடைத்ததால். எங்கள் முன்கட்டு வீடு காலியாக இருந்தது. மதராஸிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது என்றதும் என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்துவிட்டார். அவருக்கு ரராவாய் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை. நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பெட்டிகளை இறக்கும்போதே நான் வந்து கேட்டேன். "அக்கா, நீ டீ குடிக்கிறியா?"

உன் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது, காரணம்தான் தெரியவில்லை. எங்கள் தமிழில் எல்லோருமே நீதான். மாமனாரும் நீ, மாரியம்மனும் நீ. கரும்புக் காட்டுக்குக் கிர்மிட் என்ற ஒப்பந்தத்தில் கூலிகளாக வந்த எங்கள் பாட்டன்மார் 'நீங்க'வைக் கப்பலிலேயே மறந்து வைத்துவிட்டார்கள் என்று பின்னால் நீ கேலி செய்தாய். கொஞ்ச நாள் கழித்து நீயே சொன்னாய், "நீன்னே கூப்பிடு. இங்க என்னை நீன்னு சொல்ல வேற யாரு இருக்கா?" அதனால் இந்த மடலிலும் நீதான். இந்த எழுத்துத் தமிழ், இங்கே தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரம்பு காட்டிக் கொடுத்தது. பேச்சுத் தமிழ் அப்பனும் ஆத்தாளும் கொடுத்தது, அதில்தான் உனக்கு அத்தனை குறைகள்.

பெரிய குறை ஒன்று உண்டு. தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது உன் வாசலைத் தாண்டுகையில் குரல் கொடுப்பேன், "அக்கா, நான் போறன்." ஒருநாள் நீ கையில் மாவோடு வெளியே ஓடிவந்தாய்.

"அப்படிச் சொல்லாதடி. போறேன்னா ஒரேயடியாப் போறதுன்னு அர்த்தம். போயிட்டு வரேன்னு சொல்லு."

"இன்னாக்கா இது, ஆபீசுக்குத்தான போறன். ஒரேயடியா எங்க போறது?"

"எங்க போனாலும் அப்படித்தான். சொல்லு, நான் கேக்கணும்."

சொன்னேன். சொல்லாமல் உன்னிடமிருந்து தப்ப முடியுமா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

இந்த ஊரில் எல்லாச் சாமிக்கும் லீவு உண்டு. ஏசுவுக்கு உண்டு, நபிக்கு உண்டு, தீபாவளிக்கு உண்டு, எங்கோ இருக்கிற ராணியம்மாவின் பிறந்த நாளுக்கும் உண்டு. எங்களுக்கு லீவு என்றால் துணி துவைப்பது, கொல்லையைச் செதுக்குவது, மத்தியானம் தூங்குவது. உனக்கு லீவு என்றால் எங்காவது போய் எதையாவது பார்த்தே ஆகவேண்டும். "ஊருக்கு லெட்டர் எழுதணும்ல, என்னத்த எழுதுறது" என்பாய். நான் பிறந்து வளர்ந்த இடத்தை உன் பின்னால் நடந்துதான் பார்த்தேன். நாடி நகரில் கோயிலைப் பார்த்தோம், விமான நிலையத்தின் மாடியில் நின்று விமானங்களைப் பார்த்தோம். ரராவாயில் கரும்பு வண்டிகளை இழுத்து வரும் குட்டி ரயிலைப் பார்த்து நீ குழந்தையைவிட அதிகமாகக் கையாட்டினாய். வண்டி ஓட்டினவன் என் சித்தப்பா மகன். ஒரு வாரம் என்னைக் கேலி செய்தான்.

சவேனிக் கடற்கரைக்குப் போனது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஜன்னல் கண்ணாடி இல்லாத பஸ்ஸில் லௌடோகா போய், அங்கிருந்து இன்னொரு பஸ். பக்கத்து வீட்டு மெரேயும் வந்திருந்தாள். ஃபிஜிக்காரி என்றாலும் எங்களோடு இந்தியில்தான் பேசுவாள், என் கல்யாணத்திலிருந்தே எனக்குச் சினேகிதி. நீ புளிச்சாதம் கட்டியிருந்தாய், நான் ரொட்டியும் டின் மீன் கறியும், மெரே வாழையிலையில் மரவள்ளிக் கிழங்கு. மணலில் இறங்கியதும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

"அலை எங்கடி?"

"தோ தூரத்துல வெள்ளையாத் தெரியுதே, அங்க பவளப்பாறை இருக்குது. அலையெல்லாம் அங்கயே நின்னுபூடும்."

"இது கடலா? தூங்குது."

நீ சொன்னதை மெரேக்கு இந்தியில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, "மொதே, மொதே" என்றாள். அவர்கள் பேச்சில் தூங்குவதற்கும் மொதேதான், ஒருவரிடம் விடைபெறுவதற்கும் மொதேதான். இதைச் சொன்னதும் உனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ என்னடான்னா போறேங்கிற, அவ என்னடான்னா தூங்குங்கிறா. கிளம்புற நேரத்துல இந்த ஊர்ல ஒருத்தருக்கும் நல்ல வார்த்தை வராதா?" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். வெயில் என்று சொன்னாய். வெயில் எப்போதோ இறங்கிவிட்டது.

லீவு நாட்களில்தான் நீ மோசமாக இருப்பாய். வேலை நாளில் எல்லோரும் அவரவர் பாட்டில் இருக்கிறோம், பண்டிகை நாளில்தான் யார் யார் பக்கத்தில் இல்லை என்று தெரிகிறது. நீ உன் அம்மாவுக்கு எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவாய். சவேனி அழகாக இருந்தது, புளிச்சாதம் நன்றாக இருந்தது, மணலில் குழந்தை தவழ்ந்தான். அழுகை மட்டும் அதில் இருக்காது.

தீபாவளியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்களுக்குத் தீபாவளி சாயங்காலம்தான், வீட்டைச் சுற்றி விளக்கு, ஊர் முழுக்க மிட்டாய். உன் தீபாவளியோ விடிவதற்கு முன்பே முடிந்துவிடும். நீ என்னையும் மாலாவையும் இருட்டில் எழுப்பி, கொல்லையில் டிரம்மில் வெந்நீர் கொதிக்க, மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலையில் வைத்துத் தேய்த்தாய். சீயக்காய் கண்ணில் பட்டு மாலா ஊரைக் கூட்டினாள். பின்வீட்டு இந்திக்காரம்மா வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். விடியாத நேரம், அடுப்பில் பெரிய டிரம், தலைவிரிகோலமாய் ஈரத்தோடு இரண்டு பெண்கள், அலறுகிற ஒரு பிள்ளை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லக் கேட்டாள், "கோன் மர் கயிஸ்?" யார் செத்தது என்று.

நீ சிரித்துச் சிரித்துக் கொல்லைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "நரகாசுரன்னு சொல்லு" என்றாய். நான் அப்படியே சொன்னேன். அவள் அவனை எங்கள் உறவுக்காரன் என்று நினைத்துக்கொண்டு வருத்தத்தோடு போனாள்.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் வீட்டில் நிஜமாகவே சாவு விழுந்தது. என் வீட்டுக்காரர் ஆலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்று முழுவதும் நீ என் பக்கத்திலேயே இருந்தாய். மாலாவுக்குச் சோறு ஊட்டினாய், யார் யாருக்கோ டீ போட்டாய். எல்லாம் முடிந்தபின் வந்தவர்கள் ஒவ்வொருவராக என் தோளைத் தொட்டு, "ஹம் ஜாத்தா", நான் போகிறேன், என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் சாவு வீடுகளில் அதுதான் வழக்கம். நீ மட்டும் எழுந்தாய், என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாய்.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் குறைவு. புருஷன் போன நாளிலும் எனக்கு உன்மேல் கோபம் வர இடமிருந்தது. ஆபீசுக்குப் போவதற்குக்கூடப் போயிட்டு வரேன் சொல்லச் சொன்னவள், என் கதி இப்படி ஆன பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே, தாலி அறுந்தவள் முகத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்றா? பல நாள் உன்னோடு பேசவில்லை. நீ வைத்துவிட்டுப் போன குழம்பை மெரேக்குக் கொடுத்தேன்.

கடைசியில் நீதான் வந்தாய். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாய், "என்னடி கோவம்?" சொன்னேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"அடிப் பாவி. சாவு வீட்ல சொல்லிக்கிட்டுக் கிளம்பக் கூடாதுடி. போயிட்டு வரேன்னா திரும்ப இதே மாதிரி காரியத்துக்கு வரேன்னு ஆயிடும். இன்னொரு சாவுக்கு நான் இந்த வீட்டுக்கு வரணுமா? வாயை மூடிட்டு நான் வெளிய போனது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அன்று நான் ஒன்று கற்றுக்கொண்டேன், தப்பாகக் கற்றுக்கொண்டேன். வரக்கூடாத இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள், அப்படியென்றால் அவள் சொல்லுகிற இடத்தில் அது சத்தியம் என்று கணக்குப் போட்டேன். வேறு எப்படி நினைப்பேன்? எங்கள் வீட்டில் 'வரேன்' என்றால் வருகிறேன் என்றுதான் பொருள்.

உன் வீட்டுக்காரருக்கு மறுபடி மாற்றல் வந்தது. நாடி விமான நிலையத்தில் மெரே உன் கழுத்தில் சோழி மாலை போட்டாள். உன் மகன் அதைக் கடித்துக்கொண்டிருந்தான். மெரே "மொதே" என்றாள், நீ அவளை முறைத்துவிட்டுப் பிறகு கட்டிக்கொண்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றாய். இன்னொரு தரம் அழுத்திச் சொன்னாய், "போயிட்டு வரேன், கேட்டியா?"

நான் கேட்டேன், "எப்ப?"

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசியில், "வந்துடுவேன்டி" என்றாய். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய்.

முன்கட்டை ரொம்ப நாள் யாருக்கும் விடாமல் வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் எங்க அக்கா வரும் என்றேன். உன்னிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. பள்ளிக்கூடத்தில் இலவு காத்த கிளி என்று படித்தபோது அந்தக் கிளியை நினைத்துச் சிரித்தவள் நான். ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியுமுன் எண்ணெய் காய்ச்சினேன். உன் பங்குக்கு ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வைத்தேன். நீ விட்டுப்போன சீயக்காயைச் சிட்டிகை சிட்டிகையாகச் செலவழித்தேன், தீர்ந்துவிட்டால் நீ வரமாட்டாயோ என்று ஒரு பைத்தியக்கார பயம்.

எண்பத்தேழில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்திய வம்சத்தார் நாட்டைவிட்டுக் கிளம்ப, எங்கள் தெருவில் பாதி வீடு காலியானது. மாலாவும் கல்யாணம் செய்துகொண்டு சிட்னி போனாள். வா வா என்று அவள் கூப்பிடாத வருடம் இல்லை. குளிர் ஆகாது என்றேன், முழங்கால் வலி என்றேன், கோழிகளை யார் பார்ப்பது என்றேன். ஒரு காரணத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நீ வந்து பூட்டின வீட்டைப் பார்த்துத் திரும்பினால்? இதைச் சொன்னால் மாலா என்னை டாக்டரிடம் அல்லவா கூட்டிப்போவாள்.

போன கரும்பு வெட்டு சமயத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. பூப்போட்ட சட்டை போட்ட ஒருவன் இறங்கினான், கூட ஒரு பெண். நாடி ஓட்டலில் தங்கி ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அவன் நெற்றியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது உன் நெற்றி. நான் அவன் பின்னால் டாக்சிக்குள் எட்டிப் பார்த்தேன். உன்னைத்தான் தேடினேன்.

"அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு ஆன்ட்டி" என்றான். "இந்த வீட்டைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. அதான் வந்த இடத்துல பார்த்துட்டுப் போகலாம்னு."

இரண்டு தீபாவளிக்கு இல்லாதவளுக்காக எண்ணெய் காய்ச்சியிருக்கிறேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளையிடம் கேட்டே விட்டேன். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாள், எப்போதாவது வரவேண்டும் என்று நினைத்தாளா?

அவன் சிரித்தான். நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் இல்லை. "அது சும்மா சொல்றது ஆன்ட்டி. எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. அம்மா காய் வாங்கிட்டுக் கிளம்பும்போது கடைக்காரர்கிட்டகூடப் போயிட்டு வரேன்னு சொல்வாங்க."

காய்க்கடைக்காரனிடம். எனக்குச் சொன்னதையே கத்தரிக்காய் விற்கிறவனுக்கும் சொல்லியிருக்கிறாய். அவனாவது மறுநாள் உன்னைப் பார்த்திருப்பான். அக்கா, நீ இருந்திருந்தால் அன்றைக்கு உன்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

டீ குடித்துவிட்டு எழுந்தார்கள். அன்று ராத்திரியே அவர்களுக்கு விமானம். உன் மகன் எங்கள் முன்கட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண், என்னை அதற்குமுன் பார்த்தே இராதவள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "போயிட்டு வர்றோம்மா" என்றாள்.

அவர்கள் இனி வரப்போவதில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் முகத்தில் பொய் இல்லை. வேறு எப்படிச் சொல்லிவிட்டு அவள் அந்தப் படியை இறங்கியிருப்பாள்? உன் அன்றைய பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் வலி போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிய மனமில்லாமல் சொன்ன வார்த்தைக்கும் காத்திருந்தவள் காத்திருந்தவள்தானே.

இந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய் காய்ச்சவில்லை. மாலா மறுபடி கூப்பிட்டாள், சரி என்றேன். போகிற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறாள். கோழிகள் மெரே வீட்டுக்குப் போய்விட்டன.

இன்று காலை மெரேயிடம் விடைபெறப் போனேன். அவளுக்கும் தலை வெளுத்துவிட்டது. அவளிடம் நிஜத்தைச் சொல்ல வேண்டும், இந்த வயதில் போகிறவள் திரும்புவது நிச்சயமில்லை என்று. இந்தியில் "ஹம் ஜாத்தா" என்று ஆரம்பித்தேன். முடிக்க வாய் வரவில்லை. 'போறன்' என்று சொல்லும் வாயை நீ எப்போதோ அடைத்துவிட்டாய். "ஜாக்கே ஆயேகா" என்று வந்தது. போயிட்டு வரேன் என்பதை அப்படியே இந்தியில் போட்டுவிட்டேன். அந்தப் பேச்சில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

மெரே நிமிர்ந்து கேட்டாள், "கப்?" எப்போது?

"தீவாலி" என்றேன்.

மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மெரே என் கொல்லையில் குனிந்து குழி தோண்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் டாலோக் கன்றுகள், நம் சேப்பங்கிழங்கின் பெரிய அண்ணன். என்னைப் பார்த்ததும் மண்ணான கையை ஆட்டினாள். இப்போது நட்டால் தீவாலிக்கு நான் வரும்போது கிழங்கு தோண்டச் சரியாக இருக்கும் என்று சத்தமாகச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரிசை முழுவதும் நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டுத்தான் போனாள்.

நாளைக் காலையில் இந்தக் கடைசிப் பிடி சீயக்காயைத் தேய்த்துக் குளிக்கப் போகிறேன். எண்ணெய் இல்லை, பயணத்தன்று எண்ணெய்க் குளியல் ஆகாது என்று நீ இருந்தால் கத்துவாய். டப்பாவில் இருந்தால்தானே பிடுங்குவார்கள், தலையில் இருப்பதைச் சிட்னியில் யார் என்ன செய்துவிட முடியும். பிறகு வீட்டைப் பூட்டி மெரேயிடம் சாவியைக் கொடுத்து இன்னொரு தரம் சொல்லிக்கொள்வேன். கோழிகளிடம்கூடச் சொல்லிக்கொள்வேன்.

உன்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை அக்கா. சாவு வீட்டில் அது கூடாது என்று நீதானே சொன்னாய்.